நகல் ஒன்றுக்கு இரண்டு ரூபாய்

சாவடி இருக்க வேண்டும் என்றவர்களும்
சாவடி போக வேண்டும் என்றவர்களும்
என்னிடம்தான் வந்தார்கள்.
சேரன்மகாதேவி பஸ் ஸ்டாண்டுப் பக்கம்
மற்ற ஜெராக்ஸ் கடைகள் மதியம் திறப்பதில்லை.

ஞானதிரவியம் அண்ணாச்சி
வியாபாரிகள் சங்கத்துக்காகச் சொல்லச் சொல்ல அடித்தேன்:
‘மேற்படி கட்டடம் இடிந்து விழும் நிலையில் உள்ளபடியால்.’
அரை மணி கழித்து
செண்பகராமன் வாத்தியார்:
‘மேற்படி கட்டடம் இன்னும் முந்நூறு ஆண்டு நிற்குமாதலால்.’
இருவருக்கும் ஒரே எழுத்துரு,
ஒரே ‘பணிவன்புடன்’.
பெறுநர் முகவரியைக்கூட நான் மாற்றவில்லை.

நாற்பத்திரண்டு தூண்.
என் கடை சாய்ந்திருந்தது
முப்பத்தொன்பதாவதில்.
வரி நெல் அளந்த இடம் என்பார் வாத்தியார்.
நானறிந்து
வெற்றிலைக்கு எடுத்து மிஞ்சிய சுண்ணாம்பை
அதில்தான் தேய்ப்பார்கள்.
காலண்டர் மாட்ட ஆணி அடித்தேன்,
மூன்றும் வளைந்தன.
யார் மனு பொய் என்று
அன்றைக்கே எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை. நகல் எடுக்கிறவள்
ஒரிஜினலைப் பற்றிப் பேசக்கூடாது.

சித்திரையில் கூட்டம் போட்டார்கள்.
‘பொதுமக்கள் கருத்துக் கேட்பு.’
பேனரும் நான் அடித்ததே,
ஒற்று விட்டுப்போய் மறுபடி அடித்தது.
சென்னையிலிருந்து வந்த பெண் திரையில் காட்டினாள்:
தூண்களின் காலடியில் மஞ்சள் விளக்கு,
நடுவில் நீரூற்று,
நிழல் விழாத மரங்கள்,
அவற்றினூடே நடந்துபோகும் மனிதர்கள்.
ஒருவர் கையிலும் பை இல்லை.

“இவ்வோல்லாம் யாரும்மா?” என்றாள் ஆவுடையம்மாள்.
கீரைக்காரி. பதினேழாவது தூண்.
“நம்மூர்ல நான் பாத்ததில்லையே.”
சிரிப்பு அடங்க நேரமாயிற்று.
படம் காட்டியவளும் சிரித்தாள், அதுவரைக்கும் நல்லது.

“தண்ணி பீச்சி அடிக்கதுக்குக் குழாய் வருதுல்லா,
அதை அந்த மூலைக்குத் திருப்புங்க.
வெள்ளன அஞ்சு மணிக்கு வந்தா
ராத்திரி எட்டு வரைக்கும்
நாங்க பதினோரு பொம்பளையளும்
தண்ணியே குடிக்கதில்ல.
ஏன்னு கேளுங்க.”

யாரும் கேட்கவில்லை.
மின்விசிறி மட்டும் சுற்றியது.

சாவடிக்காக
இருபத்தாறு மனு அடித்திருக்கிறேன்.
விளக்கு, வளைவு, ஆட்டோ நிற்க இடம்,
யார் யாருக்கோ சிலை.
ஒன்றிலும் அந்த வார்த்தை இல்லை.
கடையில் உட்கார்ந்தால்
நானும் தண்ணீர் குடிப்பதில்லை.

இருபத்தேழாவதை அன்றிரவே அடித்தேன்.
காசு வாங்கவில்லை.
‘சுகாதார வளாகம்’ என்று போட்டேன்.
வாசித்துக் காட்டச் சொன்ன ஆவுடை
“அது என்னதுட்டி?” என்றாள்.
அழித்துவிட்டு
கக்கூஸ் என்றே அடித்தேன்.
அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார்.
வாத்தியார் ஒரு சந்திப்பிழை திருத்தினார்.
இருவரும் போட்டது ஒரே பேனாவில்.
அதில் மை தீர்ந்துவிட்டதால்
மற்றதெல்லாம் கைநாட்டு.

ஆடியில் அளக்க வந்தார் இன்ஜினியர் ஆல்வின்.
டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்தார்,
மறுமுனையோடு சாக்கடை வரை போனார்,
திரும்பி வந்து நின்றார்.
“அக்கா, வாட்டம் இங்கதான் சரியா வருது.”
இங்க என்றால் என் கடை.
மனுவின் நகல் என்னிடம் இருக்கிறது.
‘அந்த மூலை’ என்று
நான்தான் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

மேசையைத் தூக்கிய அன்று
தூணில் காலண்டர் மறைத்த இடம் மட்டும்
கறுப்பாக, சுத்தமாக இருந்தது.
கொஞ்ச நேரம் கை வைத்திருந்தேன்.
கல் குளிர்ந்திருந்தது, வேறொன்றுமில்லை.

இப்போது எதிர்ச்சாரியில்,
டீக்கடை மாடிப்படிக்குக் கீழே.
நீரூற்று படத்திலேயே இருக்கிறது.
மெஷின் பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டில்,
மதியத்துக்குள் காலியாகிவிடுகிறது.
டைப் அக்கா கடை எங்கே என்றால்
ஆட்டோவில் சாய்ந்தபடி செய்யது மசூது
ஊருக்கே கேட்கும்படி சொல்கிறார்:
“பொம்பளையள் கக்கூஸுக்கு நேர் எதுத்தாப்ல!”

விசிட்டிங் கார்டில் மட்டும்
‘சாவடி எதிரில்’ என்று
அடித்து வைத்திருக்கிறேன்.