டோக்கன்

கோட்டைக் குழுவில் சேரத் தேர்வு உண்டு.
மூன்று ஆட்டம், ஆட்டத்துக்கு ஆறு தலை,
இரைச்சல் இல்லாத மைக்,
தொண்ணூறு ஃபிரேமுக்குக் குறையாத போன்.
விதி எழுதியவன் யுகேந்தர்,
வேலூர், சத்துவாச்சாரி, ஏசி அறை.

நான் ஆம்பூர்.
ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறேன்.
ஆட்டத்தில் என் பெயர் தையல்.
இரண்டு அர்த்தமும் பொருந்தும் என்றுதான் வைத்தேன்.

ஓவர்டைம் இடைவேளையில்
கேன்டீன் சுவரில் சாய்ந்து ஆடினேன்.
முதல் ஆட்டத்தில் ஏழு. அடுத்ததில் ஆறு.
மூன்றாவதில் நாலு விழுந்திருந்தபோது
உள்ளே மெஷின்கள் ஓடத் தொடங்கின.
'யார்ரா அது, மாவு மில்லுல உக்காந்து ஆடறது?'
மூன்று பேர் சிரித்தார்கள்.
'பெல் அடிச்சிட்டாங்க, ரெண்டு நிமிஷம்' என்றேன்.
என் குரல் கேட்டதும் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
'அக்காவா? டெய்லர் பையன்னு நெனச்சேன்.
சாரிக்கா. ஸ்டாண்டர்டுன்னு ஒண்ணு இருக்குல்ல.'

நீங்கள் நீக்கப்பட்டீர்கள் என்றது திரை.
பிழையில்லாத வாக்கியம்.

ஸ்டாண்டர்டு எனக்குத் தெரியாதா?
ஒரு மில்லிமீட்டர் விலகிய தையலுக்காக
ஜெர்மனியிலிருந்து பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்ததை
உட்கார்ந்து பிரித்தவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை சொந்தமாக ஒரு குழு திறந்தேன்.
பெயர் கேட்டது. 'வா' என்று போட்டேன்.
மூன்று எழுத்தாவது வேண்டுமாம்.
'வாங்க' ஆயிற்று.

வந்தார்கள்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் ராத்திரிக் காவல், தேசிங்கு.
துப்பாக்கியைத் தொடமாட்டார், ஜீப் மட்டும் ஓட்டுவார்.
'சுடறதெல்லாம் நம்மால ஆவாதும்மா,
எங்க போவணும் சொல்லு, இட்டுக்கினு போறேன்.'

வாணியம்பாடி சுஹைல்.
குறி பார்ப்பது அவனுக்கு அவமானம்.
முக்கால்வாசிக் குண்டு என் முதுகில்.

வேலூர் ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்து லாட்ஜிலிருந்து பிமல்.
ஊர் மால்டா. மனைவியின் ஆபரேஷனுக்குத்
தேதி கிடைக்காமல் பத்தொன்பது நாள்.
தமிழில் மூன்று சொல் தெரியும்:
எவ்வளவு, நாளைக்கு, டோக்கன்.
எதிரியைப் பார்த்தால் 'டோக்கன்! டோக்கன்!' என்று கத்துவார்.
நாங்கள் தரையோடு படுத்துக்கொள்வோம்.

இருபத்தைந்து அணியில்
இருபத்து மூன்றாவது, இருபத்தைந்தாவது,
மறுபடி இருபத்தைந்தாவது.
ஜீப்போடு கடலுக்குள் போனது ஒருநாள்.
அன்றைக்குச் சிரித்த சிரிப்பில்
பிமலின் பக்கத்து அறைக்காரர்
சுவரைத் தட்டினாராம்.

பிறகு ஒரு ராத்திரி ஒன்பதாவது வந்தோம்.
அங்கேதான் எனக்குப் பிடித்தது.
ஒன்பது ருசித்தது. எட்டு வேண்டும் போலிருந்தது.
சுஹைலுக்கு 'எப்ப சுடணும், எப்ப சுடக்கூடாது' என்று
பட்டியல் எழுதி அனுப்பினேன்.
அவன் அதற்கு ஒரு கட்டைவிரல் அனுப்பினான்.

நேற்று மூன்றே அணிகள் மிச்சம்.
தேசிங்கு ஜீப்பைப் பாறைக்குப் பின்னால் நிறுத்தினார்.
இருபது மீட்டரில் இருவர், எனக்கு முதுகு காட்டிக்கொண்டு.
சுஹைல் குண்டை உருவினான்,
ஜீப்புக்குள்ளேயே போட்டான்.

'அறிவில்ல உனக்கு? ஸ்டாண்டர்டுன்னு ஒண்ணு...'
என் வாயிலிருந்துதான் வந்தது.
சத்துவாச்சாரியின் ஏசிக் காற்று
ஆம்பூர் கேன்டீன் சுவர்வரை வந்துவிட்டது.

கட்டைவிரல் அவன் பெயர்மேல் நின்றது.
பக்கத்திலேயே சிவப்பில் 'நீக்கு'.
யாரும் பேசவில்லை.
தேசிங்கின் பக்கம் நாய் ஒன்று குரைத்துக்கொண்டிருந்தது.
சுஹைலின் மைக் திறந்தே கிடந்தது,
மூக்கை உறிஞ்சுகிறான், ஆனால் வெளியேறவில்லை.
பிமல் மெதுவாக,
'நாளைக்கு' என்றார்.

விரலை எடுத்தேன்.
மனசு மாறி எடுத்தேன் என்று சொல்ல ஆசைதான்.
பெல் அடித்தது.