கருத்து இல்லை

அபிஷா என்று பேர் சொன்னாள். நாகர்கோவில் காலேஜில் படிக்கிற பிள்ளை.
பேச்சிப்பாறையில் பஸ் இறங்கி
ஏற்றம் முழுக்க நடந்து வந்திருக்கிறாள்.
கணுக்காலில் அட்டை கடித்த ரத்தம்.
முதலில் உப்பு கொடுத்தேன்,
பிறகுதான் கேள்விகள்.

"வனவிலங்குகள் பாதுகாக்கப்பட வேண்டும்."
முழுச் சம்மதம், சம்மதம், கருத்து இல்லை,
சம்மதமில்லை, சுத்தமாகச் சம்மதமில்லை.
ஐந்து கட்டம். ஒன்றில்தான் டிக் போடணுமாம்.

எந்த விலங்கு பிள்ளே?
பொதுவா அக்கா, என்றாள்.

பொதுவாக ஒன்றும் எனக்க விளைக்குள் வந்ததில்லை.
மரச்சீனியைப் பன்னி கிளறியது ஒரு செவ்வாய்க்கிழமை.
ஓணச் சந்தைக்கென்று கணக்குப் போட்டு வைத்த
ஏத்தன் வாழை நாற்பத்தொன்றை
ஆனை ஒரே ராத்திரியில் சாய்த்தது.
தண்டைப் பிளந்து உள்வெள்ளையை மட்டும் தின்றுவிட்டுக்
குலைகளை அப்படியே போட்டிருந்தது.
அதுதான் எனக்குச் சகிக்கவில்லை.
குலையையாவது தின்றிருக்கலாம்.

இழப்பீடு கிடைத்ததா?
போட்டோ எடுத்துப் போனார்கள்.
பிறகு பட்டா கேட்டார்கள்.
பட்டா இருந்தால் நான் ஏன்
ஆனைக்குப் பக்கத்து வீட்டில் கிடக்கிறேன்.
இதற்குக் கட்டம் இல்லை,
ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

"காடு யாருக்குச் சொந்தம்?"
எதிர்ச்சரிவைக் கை காட்டினேன்.
கண் போகிற தூரம் சர்க்கார் ரப்பர்,
பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வரிசை வரிசையாக.
தேன் எடுக்கப் போன பரப்பன் காணிக்குக் கேஸ்.
சர்க்கார் நட்டால் தோட்டம்,
நான் நட்டால் ஆக்கிரமிப்பாக்கும்.
அதையும் எழுதினாள். ஓரம் தீர்ந்தது.

"கடந்த பன்னிரண்டு மாதத்தில் காட்டு இறைச்சி..."
வாசித்துக்கொண்டே அடுப்பைப் பார்த்தாள்.
மூடியைத் திறந்து காட்டினேன். சாளை.
இன்றைக்குச் சாளை.

அவளிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
சித்திரையில், விடிய நேரம் கிடக்கிறது,
நெற்றி லைட்டோடு பால்வெட்டப் போகிறேன்.
கம்பிவேலிக்குக் கீழே
சக்கைச்சுளைக்குள் பொதிந்த வெடி.
வைத்தவனைத் தெரியும்,
அவன் மகளுக்கு நான்தான் ஞானத்தாய்.
பன்னிக்கு வைத்தது. பன்னிதான் தின்னும் என்று
யார் எழுதிக் கொடுப்பது?
எனக்க பிரவுணி தாடை போய், மூன்று நாள்
வெள்ளம் குடிக்க முடியாமல் கிடந்து செத்தது இதே வேலியில்தான்.

மேட்டில் மூச்சு கேட்டது.
லைட்டை அணைத்தேன்.
இருட்டுக்குள் அதைவிடக் கறுப்பாக ஒன்று.
அதன் காலுக்கிடையில் சின்னதாக இன்னொன்று.
எவ்வளவு நேரமோ. அதுகள் போன பிறகு
வெடியைச் சிரட்டையில் ஏந்தி
ஓடைக் கயத்தில் தாழ்த்தினேன்.
அன்றைக்கு முப்பது மரம் வெட்டாமல் விட்டேன்,
கை நிற்கவில்லை.

அவனிடம் கேட்கவில்லை.
ரேஞ்சரிடம் சொல்லவில்லை.
வாழைக்காக வந்த கோபமும் போகவில்லை,
இப்போதும் தாறு வெட்டும்போது வரும்.

"வனத்துறையோடு ஒத்துழைக்கிறீர்களா?"
பேனா கட்டங்களுக்கு மேலே அலைந்தது.
கருத்து இல்லைன்னு போடட்டா அக்கா?
நாலு மணி பஸ்ஸை விட்டா அப்புறம் ஆறரைதான்.

போடு, என்றேன்.

பேப்பரில் கொஞ்சம் உப்பு பொதிந்து கொடுத்தேன்.
இறங்கும்போது நடுவே நட பிள்ளே.
ஓரத்தில்தான் அட்டை.