சில்லறை

மரிபோர் நகரக் குடிநீர் வாரியத்தில்
பகலெல்லாம் மீட்டர் கணக்குப் பார்க்கிறேன்.
இரவு ஒன்பதுக்கு மேல் இன்னொரு கணக்கு:
யாருக்கும் சொந்தமில்லாத,
எவரும் பிரித்துப் பார்க்கக்கூடிய
ஒரு வீடியோ எடிட்டருக்கு
யார் யார் என்னென்ன தந்தார்கள் என்று.

பெரும் தொகை வருவதில்லை.
ஐந்து யூரோ. மூன்று நாற்பது.
லிமாவில் ஒரு பல்மருத்துவர்
மாதம் தவறாமல் ஒன்று எண்பது அனுப்புகிறார்,
காரணம் என்ற கட்டத்தில்
"ஆட்டோசேவ்" என்று மட்டும் எழுதி.
புள்ளிக்குப் பின்னால் வருவதை
வங்கிச் செலவு என்ற வரியில் தள்ளிவிடுவேன்.
வாரியத்திலும் அதே பழக்கம்தான்.
அரை லிட்டருக்காக இதுவரை
யாரும் வழக்குப் போட்டதில்லை.

பிப்ரவரியில் குட்டாயிசியிலிருந்து ஜும்பெர் எழுதினார்.
கல்யாண வீடியோக்காரர்.
நியூ ஜெர்சி மைத்துனன் அனுப்பிய கேமரா,
ஏழு மணி நேர விருந்து.
முதல் வாழ்த்துரை வரை குறையில்லை.
நாற்பதாவது நிமிடத்தில்
கோப்பைகள் மோதுகின்றன,
வாய்க்குப் போய்விடுகின்றன,
அப்புறம் 'ணங்' என்கிறது.
"பெண்ணின் தகப்பன் பேசி முடித்து உட்கார்ந்துவிட்டார்.
அவர் குரல் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.
பாக்கியைத் தரமாட்டேன் என்கிறார்."

பன்னிரண்டாயிரம் திரட்டலாம் என்றோம்.
ஒன்பதாயிரத்துச் சொச்சத்தில் நின்றது.
போதும் என்றான் வோய்கோ,
பள்ளியில் இயற்பியல் நடத்துபவன்.
மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்து
ஒலிப்பகுதி முழுவதையும் கழற்றினான்.
பதினோராயிரம் வரிகள் புதிதாய் எழுதினான்.
மே மாதம் வந்தது,
பணம் கரைந்தது,
குழாயை மாற்றி மாற்றிப் பார்த்தும்
கசிவு நிற்கவில்லை.

அப்போதுதான் மொன்டெவிடேயோவிலிருந்து எல்விரா:

"நீங்கள் ஏன் ஒலியிலேயே தேடுகிறீர்கள்?
நான் பிறந்ததிலிருந்து எதையும் கேட்டதில்லை.
உதட்டைப் பார்க்கிறேன், கீழே வசனத்தைப் பார்க்கிறேன்.
நான்காவது நிமிடத்திலேயே
வசனம் பிந்திவிடுகிறது.
பிந்துகிறதா, இல்லை
படம் முந்துகிறதா?"

தார்த்து நகரத்து மாணவன் ராய்கோ
பரீட்சைக்குப் படிக்காத ஓர் இரவில்
அந்த வரியைக் கண்டெடுத்தான்.
அந்தக் கேமராவில் ஒரு நொடிக்கு
இருபத்தொன்பது புள்ளி ஒன்பது ஏழு படங்கள்.
எட்டு வருடம் முன்பு யாரோ அதை
முப்பது என்று முழுதாக்கியிருந்தார்கள்.
யாரோ என்ன,
பக்கத்திலேயே பெயர் இருந்தது:
வோய்கோ.

ஒரு படத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு,
கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் தெரியாது.
நாற்பது நிமிடம் சேர்த்து வைத்தால்
இரண்டரை நொடி,
ஒரு தகப்பனின் குரல் அநாதையாய் நிற்கப் போதும்.

அன்றைய அழைப்பில் வோய்கோவின் முகம்
உறைந்த படம் போல் இருந்தது.
இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்தோம்.
"பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன்" என்றான் கடைசியில்.
ஜும்பெர் ஏதோ ஜார்ஜிய மொழியில் திட்டினார்,
யாரும் மொழிபெயர்க்கவில்லை, எல்லோருக்கும் புரிந்தது.
எல்விரா தட்டச்சு செய்தாள்:
"திருப்ப வேண்டாம்.
வசன எழுத்தைப் பெரிதாக்க வழி செய்.
அடுத்த பிழை அதுதான்."

அழைப்பு முடிந்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை.
என் பேரேட்டைத் திறந்தேன்.
வங்கிச் செலவு என்ற வரியைப் பிரித்தேன்.
ஆறு வருடச் சென்ட்டுகள்
அங்கே ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன:
இருநூற்றுப் பதினான்கு யூரோ, அறுபத்து மூன்று சென்ட்.
வங்கி அதில் ஒன்றைக்கூட எடுத்திருக்கவில்லை.
விடியும்வரை ஒவ்வொன்றையும்
அதனதன் பெயருக்கு எதிரே கொண்டுபோய் வைத்தேன்.
பல்மருத்துவர் மட்டும் ஒரு பக்கம் முழுக்க வந்தார்.

ஜூனில் ஜும்பெருக்குப் பாக்கி கிடைத்தது.
அதிலிருந்து ஏழு லாரி அனுப்பியிருந்தார்.
மாற்றிப் பார்த்தால் இரண்டு யூரோ முப்பத்தொரு சென்ட்.

முப்பத்தொன்றையும் எழுதினேன்.