மூன்றாம் வாசல் பலகை

தேர்வுக் கட்டணம் நாற்பத்தெட்டாயிரம்.
பாதி கம்பெனி, பாதி என் சீட்டுப்பணம்.
வினாத்தாள் கேட்டது:
செய்தி போய்ச் சேர்ந்ததை எப்படி அளப்பீர்கள்?

மெயிலைத் திறந்தவர்கள் தொண்ணூற்றொரு சதவீதம்
என்று எழுதிக்கொண்டிருந்தேன்.
எர்ணாவூர் ரோட்டில் ஏகவல்லி
நடந்துகொண்டே இருந்தாள்.

இரவு ஷிப்ட் பஸ் இருபது நிமிடம் முன்னால் கிளம்பும்:
மணலி ஆலையின் அந்தச் சுற்றறிக்கை என் கையெழுத்து.
மூன்றே வாக்கியம், ஒரு பிழையில்லை.
கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மெயில் ஐடி இல்லை.
கன்டெய்னர் லாரிக்கும் சாக்கடைக்கும் நடுவே
டிபன் டப்பாவோடு வீடு போய்ச் சேர்ந்தவள்
மறுநாள் கேட்டாள்,
"யாருக்கும்மா சொன்னீங்கோ?"

தேறிவிட்டேன்.
பெயருக்குப் பின்னால் இனி நான்கு எழுத்து.
அதையும் நானேதான் அறிவிக்க வேண்டும்.
"மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."
என்னைப் பற்றி நான், பன்மையில்.

இந்த முறை பிரிண்ட் எடுத்துக்கொண்டு
மூன்றாம் வாசலுக்குப் போனேன்.
பலகையில் முந்தின வருஷ ரத்ததான முகாம்.
கண்ணாடிக்கு உள்ளே பல்லி முட்டை இரண்டு.
பூட்டு.
சாவி எங்கே?
அட்மினில் கேட்டால்,
"கம்யூனிகேஷன்லதானே இருக்கணும்."

இருந்தது.
என் இழுப்பறையில், சான்றிதழ் உறைக்கு அடியில்,
அட்டைச் சீட்டில் 'வாசல் 3' என்று என் எழுத்திலேயே.

என் அறிவிப்பை மடித்து வைத்துவிட்டு
பஸ் நேரத்தைக் குத்தினேன்.
செக்யூரிட்டி எத்திராஜ் எட்டிப் பார்த்தார்.
"இத்தயா? ஏகவல்லி அன்னிக்கே
அல்லார்கிட்டயும் சொல்லிச்சே."