சீமைக் கறுப்பு

சஞ்சய் வனத்து வாசலில்
பையைத் திறக்கச் சொன்னார் தர்மபால்.
உள்ளே மஞ்சள் நெற்றுகள், கொஞ்சம் பட்டை,
மழுங்கின கத்தி ஒன்று.
ஆட்டுக்கா என்றார்.
மைக்கு.
ஸ்யாஹி என்கிற சொல்
என் வாயில் இரண்டு முறை தடுக்கியது.

விலாயதி கீக்கர் என்கிறார்கள் இங்கே.
எங்கள் பக்கம் சீமைக் கருவேலம்.
இரண்டு பெயருக்கும் ஒரே அர்த்தம்,
நீ இங்கத்தவன் இல்லை.
இரண்டு இடத்திலும் வெட்டச் சொல்லித் தாள் வருகிறது.
அது தாள் படிப்பதில்லை,
வேலி தாண்டி முளைக்கிறது.

முனிர்காவில் மூன்றாம் மாடி.
பால் பாத்திரம் இனி பாலுக்கு ஆகாது.
இரண்டு மணி நேரம் கொதித்த பிறகு
எதிர்வீட்டு நவ்நீத் கதவைத் தட்டினாள்,
வெல்லம் காய்ச்சுகிறாயா?
கரண்டியில் கொஞ்சம் நீட்டினேன்.
நாக்கு சுருண்டு போய்
என்னைத் திட்டிவிட்டு, சிரித்து,
தண்ணீர் கேட்டாள்.

அந்தத் துவர்ப்புதான் வேண்டும்.
துவர்ப்புக்கு இரும்பைக் காட்டினால் கறுக்கும்.
புத்தகத்தில் படித்ததில்லை,
வாழைக்காய் நறுக்கின கத்தியைக்
கழுவாமல் விட்டவர்களுக்குத் தெரியும்.

இரும்புக்கு அலைந்தேன்.
அடுத்த ஞாயிறு தர்மபால்
செய்தித்தாளில் சுற்றி ஒரு பூட்டு தந்தார்.
வடக்கு வாசலில் தொங்கியதாம்.
சாவி தொலைந்து ஆறு வருடம்,
போன மழைக்குத்தான் அறுத்தார்கள்.
துரு கேட்டீர்களே என்றார்,
ஏதோ கடன் தீர்ப்பவர் போல.

பூட்டைக் காடியில் ஊறப் போட்டேன்.
ஐந்தாம் நாள் அது பூட்டாக இல்லை.

தீட்டும்போது வெறும் தேநீர்க் கறை.
போட்டவளுக்கே கோடு தெரியாது.
விளக்கை அணைத்துப் படுத்தால்
ராத்திரி முழுக்கக் காற்றைக் குடித்து
விடிகாலையில் கறுத்துக் கிடக்கும்.
நவம்பர் மாதம் தில்லிக் காற்றைக் குடித்துத்
தேறினது இந்த மை ஒன்றுதான்.

மரத்தை வரையத்தான் உட்கார்ந்தேன்.
முள் வந்தது.
நிழல் வரவே இல்லை.

அப்பா முதுகுளத்தூர்ப் பக்கம்
மூட்டம் போட்டவர்.
இதே மரத்தை அடுக்கி, மண் மூடி,
உள்ளுக்குள் எரியவிட்டு,
கரியாக்கி லாரியில் ஏற்றினவர்.
என் பள்ளிக்கூட ரசீதுகளில்
கையெழுத்தின் மேலேயே பெருவிரல் இருக்கும்.
கையெழுத்துப் போடத் தெரிந்தவர்தான்.
விரலும் கூடவே போட்டுக்கொண்டது.
நான் ரசீதை மடித்தே நீட்டுவேன்.
அந்த ரேகைக்கு
இரண்டு ராத்திரி ரயில் தள்ளி
வேலை வாங்கினேன்,
ஏசி அறை, வெள்ளைக் கோப்புகள்,
மதியம் ஒன்றரைக்குக் கை கழுவ
வாசனை சோப்பு.

மூன்றாம் நாள் காலை
தாளின் ஓரத்தில்,
நான் பிடித்திருந்த இடத்தில்,
போட்டபோது தெரியாத பெருவிரல்.
நன்றாகக் கறுத்திருந்தது.
என்னுடையது.

கத்தரியை எடுத்தேன்.
ஓரத்தை நறுக்கிவிட்டால்
படம் படமாகிவிடும்.
கொஞ்ச நேரம் கத்தரி திறந்தே இருந்தது.
பிறகு மரத்தை வெட்டினேன்.

மிஞ்சின துண்டை
தர்மபால் வெயிலில் பிடித்துப் பார்த்தார்.
கீக்கர் எங்கே என்றார்.
உங்கள் பூட்டும்
அதில்தான் இருக்கிறது என்றேன்.