மும்முனை மின்சாரம்

கையில் எழுபதாயிரம்.
அதில் பாதி, நீடாமங்கலத்துக் கல்யாணம் ஒன்றின்
இன்னும் வராத பாக்கி.

தம்பி சஃபியுல்லாவுக்கு கிராஃபிக்ஸ் கார்டு:
விளையாட்டில் புல் இழையிழையாய் அசைய வேண்டுமாம்.
எனக்குத் திரை:
மணப்பெண் கழுத்து மஞ்சளும்
தாலிக் கயிற்று மஞ்சளும்
வேறு வேறாய்த் தெரிய வேண்டும்.

ராத்திரி ரெண்டு மணி.
ரேமைக் கூட்டி, பிராசஸரைக் குறைத்து,
திரும்பக் கூட்டி.
கேபினட்டுக்கு வண்ண விளக்கு வேண்டாமென்றேன்,
அரைமணி நேரம் பேசவில்லை அவன்.

வெண்ணாற்றுப் பக்கம்
மோட்டார்கள் ஓடத் தொடங்கின. குறுவை நடவு.
கூத்தாநல்லூர் முழுக்க
டியூப்லைட்டுகள் சிமிட்டிச் சுருங்கியிருக்கும்,
எங்களுடையது போல.

கார்டில் ஒரு படி இறங்கினான்.
திரையில் மூன்று அங்குலம் விட்டேன்.
பட்டியலின் தலைக்கு ஏறின
நல்ல பவர் சப்ளையும் ஒரு யூபிஎஸ்ஸும்.

"புல் மெதுவாவே அசையட்டும்"
என்றான்.