நடுக்குரல்

வினிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
ஃபர்னஸ் உறுமி ஓய்ந்த இடைவெளியில்
ஹெட்போனை மாட்டினேன்.
நிரோஜினியின் கல்யாணப் பதிவு,
வெள்ளிக்குள் கொடுத்தாக வேண்டும்.

கரண்டிகள் கேட்டன. தட்டுகள்,
பின்வரிசையில் யாரோ மூக்குச் சிந்தியது,
சுவரில் பட்டுத் திரும்பிய எதிரொலி
எல்லாம் இருந்தன.
பேசுகிறவளைத்தான் காணோம்.

மென்பொருளைத் திட்டினேன்.
மைக் பிடித்த வசீகரனைத் திட்டினேன்,
பெம்பினா சாலையில் பதினாறு டொலருக்கு வாங்கிய
அடாப்டரையும்.
பிளக்கின் கழுத்தடியில் வயரை நெரித்துப் பிடித்தபோது
ஒரு சொல் எட்டிப் பார்த்தது.
விரல் நகர்ந்தது, ஓடிவிட்டது.

அறுந்தது பொதுக்கம்பி.
இடதுக்கும் வலதுக்கும்
திரும்பி வர இருக்கும் ஒரே வழி.
அது போனால்
இரண்டு காதுக்கும் சமமாய் வருவதெல்லாம்
ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்.
ஓரத்தில் நிற்பவர்கள் பிழைப்பார்கள்.

செத்துப்போன இன்னொரு ஹெட்போனின் வாலை
ஒரு சாண் விட்டு வெட்டினேன்:
இரண்டு கறுப்பு வளையம் போட்ட பிளக்.
சிவப்பு, பச்சை, செம்பு.
கம்பிமேல் நகப்பூச்சு மாதிரி ஒரு தோல்,
லைட்டரால் எரிக்கப்போய்
புகைமணி அலறி
மேல்வீட்டார் காலால் தட்டினார்கள்.
ஈயம் முதல்தரம் உருண்டோடியது.
இரண்டாம்தரமும்.

சொருகினேன்.
என் மண்டைக்கு நட்டநடுவில்
நிரோஜினி தொண்டையைச் செருமினாள்.
"கேக்குதோ?" என்றாள்.

கேக்குது பிள்ளை, சொல்லு என்றேன்,
ஃபர்னஸ் மறுபடி தொடங்குமுன்.